ஊத்தப்பத்துக்கு வச்ச எறா

உக்காருங்கம்மா, இந்தச் சேர் காலிதான். பையை நான் மடியில வச்சுக்கறேன். சாப்பாட்டுப் பைதான், சிந்தாது. உள்ள யாரு, மாமனாரா? வழுக்கி விழுந்துட்டாரா? அடக் கடவுளே. பயப்படாதீங்க, இங்க நல்லாப் பாக்குறாங்க. எங்க வீட்டுக்காரரும் உள்ளதான் இருக்காரு. அதோ கடைசிக் கட்டில், சுவத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்திருக்காரே, அவருதான். என்ன வியாதியா? அதைத்தான் நானும் சொல்லலாமா வேணாமான்னு யோசிக்கறேன். சொன்னா நம்பமாட்டீங்க. அது அவரோட வியாதியே இல்லம்மா. ஒரு மீனோட வியாதி.

பாத்தீங்களா, சிரிக்கிறீங்க. டாக்டரும் இப்படித்தான் சிரிச்சாரு. முழுசாக் கேட்டுட்டுச் சிரிங்க.

எங்களுக்கு ஒரே பொண்ணு, சாருலதா. கம்பெனியில வேலை பாக்குறா. வர்ற வரனையெல்லாம் மூக்கு சரியில்ல முழி சரியில்லன்னு தட்டிக் கழிச்சுக்கிட்டே இருந்தா. ஏண்டி இப்படின்னு கேட்டா, ஒருநாள் சாயங்காலம் ஒரு பையனைக் கூட்டிக்கிட்டு வந்து நிக்கிறா. ஜெகன்னு பேரு. பழம், பூ எல்லாம் வாங்கிட்டு வந்திருந்தான். நல்ல மாதிரி, அடக்கமான பையன். எங்க வீட்டுக்காரர் டிப்போவுல டைம்கீப்பரா இருந்து ரிட்டையர் ஆனவரு. இன்னைக்கும் யாரு வீட்டுக்கு வந்தாலும் லேட்டா வந்த டிரைவரைப் பாக்குற மாதிரிதான் பாப்பாரு. "என்ன பண்றே?"ன்னாரு. "மீன் சார்"ன்னான். "எந்த மார்க்கெட்டு?"ன்னாரு. "ஐயோ, அது இல்ல சார். கொளத்தூர்ல கடை. தொட்டியில வளக்குற மீன்"னான்.

அவ்வளவுதான். இவருக்கு முகம் சுண்டிப் போச்சு. "மீன் யாவாரத்தை நம்பி எப்படிப்பா பொண்ணு குடுக்கறது? இன்னைக்கு நீந்தும், நாளைக்கு மல்லாந்து மிதக்கும்"னாரு. அவன் சும்மா இருந்திருக்கலாம். வயசுப் பையன் இல்லையா, ரோஷம் வந்துடுச்சு. "நான் குடுக்குற மீன் சாகாது சார்"ன்னான். இவரு விடுவாரா? "அப்படியா சங்கதி? ஒண்ணைக் கொண்டாந்து இந்த ஹால்ல வை. தீபாவளி வரைக்கும் உயிரோட இருந்தா கல்யாணப் பேச்சு. செத்துதுன்னா இந்தத் தெருப் பக்கமே வரக்கூடாது. மீனை வச்சுட்டுப் போனப்புறம் தீபாவளி வரைக்கும் நீ என் வாசப்படி மிதிக்கக் கூடாது"ன்னாரு. நான் வாயைத் தொறக்குறதுக்குள்ள சாரு "சரிப்பா"ன்னுட்டா. என் பொண்ணு கல்யாணம் ஒரு மீன் வயித்துல போய் மாட்டிக்கிச்சு, பாருங்க.

அவன் கொண்டு வந்து வச்ச மீனைப் பாக்கணுமே! திருக்கைம்மா. சாப்பிடுறோமே, அதே ஜாதி. ஆனா இது கடல்ல இருக்கறது இல்லையாம், எங்கியோ அமெரிக்காப் பக்கத்து ஆத்துல இருக்கறதாம். தட்டையா, வட்டமா, பழுப்புக் கலர்ல, மேல மஞ்சள் மஞ்சளா வட்டம் போட்டிருக்கும். அடுப்புல கொஞ்சம் அதிகமா விட்ட வெங்காய ஊத்தப்பம் மாதிரியே இருக்கும். நான் பாத்த உடனே "ஊத்தப்பம்"னேன், அதுவே பேரா நின்னுடுச்சு. எங்க வீட்டுக்காரர் தொட்டியைச் சுத்திச் சுத்திப் பாத்துட்டு, "குழம்பு வச்சா ஒரு வாரத்துக்கு வரும்"னாரு. சும்மா வெளையாட்டுக்குத்தான் சொன்னாரு. சாரு முறைச்சா பாருங்க ஒரு முறை!

வால்ல முள்ளு இருக்கு, கையை உள்ள விடாதீங்க, இடுக்கியால எறா போடுங்கன்னு ஜெகன் போன்ல சொல்லிக் குடுத்தான். எறாவை அவனே வாங்கி சாருகிட்டக் குடுத்தனுப்புவான். நல்ல பெரிய எறாம்மா, நம்ம வீட்டு விசேஷத்துக்குக் கூட அப்படி வாங்கினது இல்ல. ஃப்ரீசர் பூரா எறா.

அந்த நேரம் பாத்துப் புரட்டாசி பொறந்துடுச்சு.

எங்க வீட்ல புரட்டாசின்னா மாசம் பூரா சைவம். முட்டை கூட வாசப்படி ஏறாது. நான் யாரையும் குத்தம் சொல்ற ஆள் இல்ல, ஆனா எங்க வீட்டுக்காரருக்குப் புரட்டாசின்னாலே ஜுரம் வந்துடும். மீன் இல்லாம அவருக்குச் சோறு எறங்காது. வருஷா வருஷம் பழைய டிப்போ சிநேகிதரைப் பாத்துட்டு வரேன்னு கெளம்பிப் போவாரு, வரும்போது சட்டையில வஞ்சிரம் வாசனை அடிக்கும். நானும் கண்டும் காணாத மாதிரி இருந்துடுவேன். இந்த வருஷம் முட்டி வலி, வெளியில போக முடியல. சரிதான், மாசம் பூரா என் உயிரை எடுக்கப் போறாருன்னு நெனச்சேன்.

நீங்க நம்பமாட்டீங்க. மனுஷன் அப்படியே மாறிட்டாரு! காலையில குளிச்சு நாமம் போட்டுக்கறாரு. வாழைக்காயா சரி, கீரையா சரி. "எனக்குக் கொஞ்சம் போதும் சுலோ"ங்கறாரு. அதுக்கும் மேல ஒண்ணு. நான் காலையில பெருமாள் கோவிலுக்குப் போயிடுவேன், சாரு ஆபீஸ் போயிடுவா. மீனுக்கு எறா போடணுமேன்னு முழிச்சிக்கிட்டு இருக்கோம், இவரே வந்து, "நீ விரதம் இருக்கறவ, எறாவைத் தொட வேணாம். நான் பாத்துக்கறேன்"னாரு. இது செத்தாத்தான் இவரு ஜெயிப்பாரு, தெரியுதுல்ல? அந்த எண்ணம் இருந்தா பட்டினி போட்டிருக்கலாம் இல்ல? கேட்டு வாங்கிப் போட்டாரும்மா. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு.

ஊத்தப்பத்துக்கும் அவர் மேல அப்படி ஒரு பாசம். அவரு சோபாவுல உக்காந்தா போதும், கண்ணாடியில வயித்தை ஒட்டிக்கிட்டு மேல ஏறும், எறங்கும், ஏறும், எறங்கும். அதோட வாய் அடிப்பக்கம் இருக்கும்மா, சின்னக் கொழந்தை சிரிக்கிற மாதிரி. அந்த வாயைத் தொறந்து தொறந்து மூடும், அவரையே பாத்துக்கிட்டு. அவரு என்னமோ கூச்சப்பட்டுக்கிட்டு எழுந்து வேற ரூமுக்குப் போயிடுவாரு.

எல்லாம் நல்லாத்தான் போச்சு. அப்புறம் பாத்தா, மீன் எளைக்குது. வாலு ஆரம்பிக்குற எடத்துல ரெண்டு பக்கமும் எலும்பு துருத்திக்கிட்டு நிக்குது. நடுவுல குழி விழுந்துடுச்சு. "ஏங்க, சாப்பிடுதா இல்லையா?"ன்னு கேட்டேன். "சாப்பிடுதாவா? போட்டது பத்தலங்குது. இன்னும் கொஞ்சம் எறா அனுப்பச் சொல்லு அந்தப் பையனை"ன்னாரு. சரின்னு இன்னும் வந்துச்சு. வரவர எறா தீருது, மீன் எளைக்குது. கண்ணு பட்டுடுச்சுன்னு உப்பு மொளகா சுத்திப் போட்டேன். ஒண்ணும் பலிக்கல.

சாரு போட்டோ எடுத்து ஜெகனுக்கு அனுப்பினா. அவன் பதறிட்டான். "ஆன்ட்டி, நல்லாச் சாப்பிடுதா?"ன்னான். "ஃப்ரீசரையே காலி பண்ணுதுப்பா"ன்னேன். "நல்லாச் சாப்பிட்டும் எளைக்குதுன்னா வயித்துல பூச்சி ஆன்ட்டி. ஆத்துல புடிச்ச மீன், உள்ள நாடாப்புழு இருக்கும். இது திங்கறதையெல்லாம் அது தின்னுடுது"ன்னான். மாதவரத்துல மீனுக்குன்னே ஒரு டாக்டர் இருக்காராம், அவருகிட்டயும் கேட்டான். நல்லாச் சாப்பிட்டு எளைச்சா பூச்சியேதான், சந்தேகமே வேணாம்னு அவரும் சொல்லிட்டாரு.

பூச்சிதானே, நான் பாக்காத பூச்சியான்னு வேப்பிலையும் மஞ்சளும் அரைச்சுத் தொட்டியில ஊத்தப் போனேன். சாரு ஓடி வந்து கையைப் புடிச்சுக்கிட்டா. திருக்கைக்குச் செதில் இல்லையாம்மா, வெறும் தோலு. தண்ணியில எதைப் போட்டாலும் உடம்புக்குள்ள ஏறிடுமாம், போய்ச் சேந்துடுமாம். அதனால மருந்தைச் சாப்பாட்டுலதான் வைக்கணும். மாத்திரை அனுப்பினான். அதை நுணுக்கி, எறா முதுகைக் கீறிக் கறுப்பு நரம்பு எடுப்போமில்ல, அந்தக் கீறல்ல தூளைத் திணிச்சு, எறா ஓட்டாலயே மேல மூடி, ஃப்ரீசர்ல கெட்டியா ஆக்கிடணும். அந்த மாத்திரைத் தூள் லேசா நாக்குல பட்டுடுச்சும்மா, யப்பா! நெலவேம்பெல்லாம் அதுகிட்டப் பிச்சை வாங்கணும்.

புரட்டாசி மாசத்துல எறாவைத் தொடறோமேன்னு மனசு அடிச்சுக்கிச்சுதான். மருந்துக்குத் தோஷம் இல்லன்னு சொல்லிக்கிட்டுத் தினம் விடியக்காலையில எறாவுக்கு மருந்து வச்சுட்டு, தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டுக் கோவிலுக்குப் போவேன். பெத்த பொண்ணுக்காக இது கூடச் செய்யலன்னா எப்படி?

எங்க வீட்டுக்காரர்கிட்ட மட்டும் மூச்சு விடல. மீனுக்கு ஒடம்பு சரியில்லன்னு தெரிஞ்சா, "பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்"னு ஆரம்பிச்சுடுவாரே! அதுவும் பூச்சின்னு காதுல விழுந்தா போச்சு. ஒருதடவை கத்திரிக்காயில புழுவைப் பாத்துட்டு அதோட கத்திரிக்காயையே விட்டவரு. அப்புறம் யாரு தொட்டிக்கு எறா போடறது? அதனால நானும் சாருவும் பேசி வச்சுக்கிட்டு வாயே தொறக்கல. மருந்து வச்சதைத் தனி டப்பாவுல போட்டு, "இது மட்டும் போடுங்க, ஸ்பெஷல் எறா"ன்னேன். "ஸ்பெஷலா?"ன்னாரு, ஆசையா. அந்த மீன் மேல அவ்வளவு பிரியம்.

அங்கதான் இன்னொரு கூத்து. நான் யாரையும் குத்தம் சொல்ற ஆள் இல்ல, ஆனா மாடி வீட்டு ஸ்டெல்லா டீச்சர் பண்ணினதை மட்டும் என்னால மறக்க முடியல. சனிக்கிழமை, கோவில்ல தளிகை முடிச்சுட்டுப் புளியோதரையும் கையுமா வரேன், வீட்டு வாசல்ல எறா வறுவல் வாசனை கமகமன்னு அடிக்குது. மிளகு தூக்கலா, கறிவேப்பிலை போட்டு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! விறுவிறுன்னு மாடி ஏறி, "உங்களுக்குப் புரட்டாசி இல்ல, ஒத்துக்கறேன். சனிக்கிழமை ஒருநாள் எங்களுக்காக நிறுத்தக் கூடாதா?"ன்னு கேட்டேன். அந்தம்மா, "நான் ரவா உப்புமா கிண்டினேங்க, வேணும்னா வந்து பாருங்க"ன்னு சட்டியைக் கொண்டாந்து காட்டுறாங்க. உப்புமாதான் இருந்துச்சு. சட்டியை மாத்திட்டாங்க. அதுக்கும் மேல, "வாசனை உங்க வீட்டு ஜன்னல்லேர்ந்துதான் வருது"ன்னு சொல்றாங்கம்மா! நாமம் போட்டுக்கிட்டு ஒரு மனுஷன் உள்ள உக்காந்திருக்காரு, அவரைப் பாத்து வர்ற பேச்சா இது? அன்னைக்கிலேர்ந்து அவங்ககூடப் பேச்சை நிறுத்திட்டேன். கீழ வந்து இவருகிட்டச் சொன்னா, இவரு எவ்வளவு பெருந்தன்மை தெரியுமா? "விடு சுலோ, பாவம், அவங்களைத் திட்டாதே"ன்னாரு.

மருந்து போயிக்கிட்டே இருக்கு, மீன் தேறக் காணோம். எளைச்சு எளைச்சுக் காகிதமா ஆயிடுச்சு. ஓரமெல்லாம் மேல சுருள ஆரம்பிச்சுடுச்சு. ஜெகன் போன்ல, "ஓரம் சுருண்டா ஆபத்து ஆன்ட்டி"ன்னு சொல்லிட்டு அழுதுட்டான். சாரு சோறே தின்னல. ரூம் கதவைச் சாத்திக்கிட்டா. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. மீன் போச்சுன்னா பொண்ணு கல்யாணம் போச்சு. இனிமே இவ வேற யாரையும் கட்டிக்க மாட்டா, அது எனக்குத் தெரியும். கடைசி சனிக்கிழமை கோவில்ல போயி நின்னு வாய்விட்டுக் கேட்டேன். "பெருமாளே, அந்த வாயில்லாத ஜீவனுக்கு என்ன வியாதி இருந்தாலும் அதை எடுத்து எங்க வீட்ல யாருக்காவது குடுத்துடு"ன்னு. எனக்குக் குடுன்னுதான் சொல்ல வந்தேன். அழுகையில வாய் கொழறி, யாருக்காவதுன்னு வந்துடுச்சு.

வீட்டுக்கு வந்து கதவைத் தொறக்கறேன், இவரு சோபாவுல சாஞ்சு கெடக்கறாரு. "தலை சுத்துது சுலோ. வயித்தைப் பொரட்டுது. வாயெல்லாம் கசக்குது, கொஞ்ச நாளாவே எதைத் தின்னாலும் கசக்குது"ங்கறாரு. பெருமாள் கேட்டுட்டாரு! அந்த மீனோட வியாதியை எடுத்து இவருக்குக் குடுத்துட்டாரு!

தூக்கிக்கிட்டு இங்க ஓடி வந்தோம். பிரஷர் பாத்தாங்க, சுகர் பாத்தாங்க, ஸ்கேன் எடுத்தாங்க. ஒண்ணும் இல்லங்கறாங்க. "ஏதாவது மாத்திரை சாப்பிட்டாரா?"ன்னு டாக்டர் கேட்டாரு. "அவருக்கு மாத்திரைன்னாலே ஆகாது டாக்டர். எங்க வீட்ல மாத்திரை சாப்பிடற ஒரே ஜீவன் மீனுதான்"னேன். அப்பத்தான் அவர் சிரிச்சாரு. நான் அழுதுக்கிட்டே பெருமாள்கிட்ட வேண்டிக்கிட்டதையும் சொன்னேன். பேனாவைக் கீழ வச்சுட்டுத் தண்ணி குடிச்சாரு, பாவம்.

இப்பக் கேளுங்க அதிசயத்தை. இவரு இங்க படுத்ததும் அங்க மீனுக்குச் சாரு எறா போட ஆரம்பிச்சா. அதே எறா, அதே மருந்து, அதே இடுக்கி. ரெண்டு மூணு நாள்லயே சுருண்ட ஓரம் நிமிந்துடுச்சு! எலும்பு மறைஞ்சுக்கிட்டு வருது. இப்பப் போயிப் பாருங்க, நடுவுல மேடு தட்டி, சோடா போட்ட மாவுல ஊத்தின மாதிரி புசுபுசுன்னு இருக்கு. அதோட கழிவைச் சாரு எடுத்துக் குடுக்க, ஜெகன் கொண்டு போயி மாதவரம் டாக்டர்கிட்டக் காட்டினான். பூதக்கண்ணாடியில பாத்துட்டு, "இதுக்குப் பூச்சியே இல்லையே, இருந்த அடையாளமே இல்லையே"ன்னாராம். இங்க இவருக்கும் அதே டெஸ்ட் எடுத்தாங்க. "இந்த வயசுல இவ்வளவு சுத்தமான வயித்தை நான் பாத்ததில்லம்மா"ங்கறாரு இந்த டாக்டரு. அப்போ அந்தப் பூச்சியெல்லாம் எங்கதான் போயிருக்கும், நீங்களே சொல்லுங்க. அதுதான் தெய்வம்ங்கறது.

என்னம்மா, இருமறீங்க? ஏசி ஒத்துக்கலையா?

சாருதான் ரொம்பக் கலங்கிட்டா. அன்னைக்குத் தொட்டிக்குப் பின்னாடி பெருக்கப் போனவ அப்படியே தரையில உக்காந்துட்டா. ஸ்டாண்டுக்குப் பின்னால பேப்பர்ல மடிச்சு எறா ஓடும் வாலும் குவியலா இருந்துச்சு. ஊத்தப்பம் ஒதுக்கின ஓட்டையெல்லாம் எடுத்து, எறும்பு வரக்கூடாதுன்னு அவ்வளவு நறுவிசா மடிச்சு வச்சிருக்காரு மனுஷன். வாலு எல்லாத்துலயும் மிளகு ஒட்டியிருந்துச்சு. மிளகு பூச்சிக்கு நல்லது இல்லையா, நாம சொல்லாமலே அவர் மனசுக்குத் தெரிஞ்சு தூவிப் போட்டிருக்காரு பாருங்க. நான்கூட மிளகு ஏன் இவ்வளவு சீக்கிரம் தீருதுன்னு பாத்தேன். சாரு அந்தப் பேப்பரைப் புடிச்சுக்கிட்டு மொகத்தை மூடிக்கிட்டுக் குலுங்கிக் குலுங்கி... அப்பாவை நெனச்சு அப்படி அழுதா. கண்ணுல தாரை தாரையாத் தண்ணி.

உடனே அந்தப் பேப்பரை எடுத்துப் பையில வச்சுக்கிட்டு இங்க வந்தா. என்னை வெளிய இருக்கச் சொல்லிட்டுக் கட்டிலைச் சுத்தித் துணியை இழுத்து விட்டா. அப்பனும் பொண்ணும் ஏதோ மெதுவாப் பேசினாங்க. வெளிய வந்து, "அம்மா, அப்பா சம்மதிச்சுட்டாரு. தீபாவளி வரைக்கும் காத்திருக்க வேணாமாம், இப்பவே தேதி பாக்கச் சொல்லிட்டாரு"ன்னா! நான் உள்ள ஓடினேன். இவரு தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "ஆமா சுலோ, நல்ல பையன்தான். ஸ்டெல்லா டீச்சரைக் கூப்பிட்டுப் பேசிடு, அவங்க மேல தப்பில்ல"ன்னாரு. உடம்பு முடியாத நேரத்துலயும் மாடி வீட்டு ஒறவை நெனைக்கிற மனசு யாருக்கு வரும்?

இன்னைக்கு ஐப்பசி ஒண்ணு. விரதம் முடிஞ்சுது. மாசம் பூரா நாக்கைக் கட்டிப் போட்டுக் கெடந்த மனுஷன், ஆசையாச் சாப்பிடட்டுமேன்னு விடியக்காலையில எழுந்து பெரிய எறாவா வாங்கி, மிளகு தூக்கலாப் போட்டு வறுத்துக் கொண்டாந்தேன். டாக்டரும் குடுக்கலாம்னுட்டாரு. மூடியைத் தொறந்ததுதான் தாமதம், இவரு மொகம் வெளிறிப் போச்சு. கொஞ்ச நேரம் எறாவையே பாத்தாரு. அப்புறம் என்னைப் பாத்தாரு. "சுலோ, இதுல ஏதாவது உள்ள வச்சிருக்கியா?"ன்னு கேட்டாரு.

எனக்கு அழுகை வந்துடுச்சும்மா. இத்தனை வருஷத்துல என் சமையலைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டவரில்ல. "என் பாசத்தைத் தவிர வேற என்னங்க வைப்பேன்?"னேன்.

மூடியைப் போட்டு மூடிட்டாரு. "எனக்கு இனிமே ஆயுசுக்கும் எறா வேணாம். இதையும் அந்த ஊத்தப்பத்துக்கே போட்டுடு, அது பங்கு எங்கிட்ட நெறையப் பாக்கி இருக்கு"ன்னுட்டு, அதோ, அப்படித் திரும்பிப் படுத்தவருதான். வாயில்லாத ஒரு ஜீவனுக்காக எறாவையே விட்டுட்டாரும்மா! இப்படி ஒரு மனுஷனுக்கு வாழ்க்கைப்பட நான் என்ன புண்ணியம் பண்ணினேனோ.

மசாலா போட்டதை மீனுக்கு எப்படிப் போடறது? இந்தாங்க, நீங்க எடுத்துக்கங்க. சூடு இன்னும் ஆறல. அட, எடுத்துக்கங்கம்மா, கூச்சப்படாதீங்க... ஏன், என்னாச்சு? எதுக்கு இப்படிச் சிரிக்கிறீங்க? ஐயோ, பொரையேறிடுச்சு பாருங்க. இந்தத் தண்ணியைக் குடிங்க முதல்ல.